கரை இறங்கும் முன் ஒரு கணக்கு

ஆண்டு மலருக்கு ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைத் தம்பிகள் கேட்டார்கள். பம்ப், கம்ப்ரஸர் பற்றியெல்லாம் எழுத நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் டிப்ளமோ முடித்த கையோடு பயணிகள் கப்பலில் ஏ.சி. மெக்கானிக்காக ஏறி, ஏழு ஒப்பந்தக் காலம் ஓட்டிவிட்டு ஆழ்வார்குறிச்சியில் வந்து உட்கார்ந்திருப்பவன். கப்பல் வேலைக்கு மனுப் போட்டிருக்கிற பையன்கள் என்னைத் தேடி வந்தால் சம்பளத்தை முதலில் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி எப்போதும் இதுதான்: "அண்ணே, வெளிநாட்டுத் துறைமுகத்துல எல்லாம் கப்பலை விட்டு எறங்கலாமா? பயமில்லையா?" பையனின் அம்மா கூட வந்திருந்தால் கேள்வி வேறு மாதிரி வரும்: "எய்யா, எம்புள்ள கப்பலுக்குள்ளேயே இருந்துக்கிடுவாம்லா?"

பயணியாகப் போகிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போக ஆரம்பித்தபோது, கேள்வி நம்ம ஊர் ரிடையர்டு வாத்தியார்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

"அந்த ஊர் பத்திரமா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கேள்வியே அரைகுறை. சென்னையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "குத்தாலத்துல குளிக்கலாமா, பத்திரமா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆமாம், இல்லை என்றா சொல்கிறோம்? எந்த அருவி, எந்த மாசம், மேலே மலையில் கருக்கல் கட்டியிருக்கா, பிள்ளைகள் கூட வருதா என்று திருப்பிக் கேட்போம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மே மாதம் அருவியில் தண்ணீரே அதிகம் இராது என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கு அன்றைக்கு உதவவில்லை. மலையில் பெய்த கோடை மழைதான் கணக்கு. கடனாநதியிலும் அப்படித்தானே? சிவசைலத்தில் வெயில் அடிக்கும்போதே மேற்கே கறுத்திருந்தால் நம் பெரியவர்கள் படித்துறையில் துணி துவைக்கிறவர்களைக் கரையேறச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் யாரும் 'ரிஸ்க் அனாலிசிஸ்' படித்தவர்கள் இல்லை. ஆனால் ஆறு பத்திரமா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல், எந்த இடம், எந்த நேரம், என்ன வேலை, ஏறிவர வழி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் இதே பார்வைதான் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் கொழும்பையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு பத்திரமா? 1983 ஜூலையில் கேட்டிருந்தால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்திருக்கும். தமிழன் என்று தெரிந்தால் வீட்டையும் கடையையும் கொளுத்திய அதே தெருவில், ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு அந்த ஆபத்து கிடையாது. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதற்குப் பின் பத்து வருடம் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் தேவாலயங்களில் ஒன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது; கப்பலிலிருந்து இறங்கி நடந்தே போய்விடலாம். நம் தூத்துக்குடி ஆட்கள் கொழும்பில் இறங்கினால் முதலில் போய் மெழுகுவத்தி ஏற்றுகிற இடம்.

இன்னொரு மூன்று வருடம் தள்ளிப் பாருங்கள். 2022 நடுப்பகுதியில் இலங்கையில் அந்நியச் செலாவணி இல்லாமல் பெட்ரோல், டீசல் வரத்து நின்று போயிற்று. பங்குகளில் மைல் கணக்கில் வரிசை. அப்போது ஒரு பயணி குண்டுக்குப் பயந்து தேவாலயத்தைத் தவிர்த்துவிட்டு, ஆட்டோ பிடித்துக் கண்டிக்குப் போக நினைத்திருந்தால், அவருடைய பயம் ஒரு பக்கம், ஆபத்து வேறு பக்கம். போவதற்கு வண்டி கிடைக்கும். திரும்பி வர எண்ணெய் இருக்குமா என்பதுதான் அந்த வருடத்துக் கேள்வி. ஒரே துறைமுகம். 1983, 2019, 2022 என்று மூன்று தேதிக்கு மூன்று விடை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி, செய்தித்தாள் தலைப்புக்கும் உண்மையான ஆபத்துக்கும் உள்ள தூரம்.

2015 மார்ச் 18 அன்று டுனீசியா நாட்டின் தலைநகரான டூனிஸில் பார்டோ அருங்காட்சியகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். 22 பேர் செத்துப்போனார்கள். அன்று லா குலெட் துறைமுகத்தில் நின்றவை கோஸ்டா ஃபேசினோசா, எம்.எஸ்.சி. ஸ்ப்ளெண்டிடா என்ற இரண்டு பெரிய கப்பல்கள். இறந்தவர்களில் பலர் அவற்றிலிருந்து பஸ்ஸில் போன பயணிகள். ஸ்பெயின் நாட்டுத் தம்பதி ஒருவர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ராத்திரி முழுக்க ஒளிந்திருந்து மறுநாள் காலையில்தான் வெளியே வந்தார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கப்பல் கம்பெனிகள் டூனிஸை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டன. மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "இந்த மாதிரி நாடே வேண்டாம்ப்பா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னா நிம்மதி" என்று பேசாதவர்கள் குறைவு.

நியூசிலாந்து நிம்மதியா? 2019 டிசம்பர் 9. சிட்னியிலிருந்து வந்த ஓவேஷன் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் டௌராங்கா துறைமுகத்தில் நின்றது. அதன் பயணிகள் பலர் வக்காரி என்ற எரிமலைத் தீவைப் பார்க்கப் போனார்கள். கப்பலிலேயே டிக்கெட் விற்ற சுற்றுலாதான். மத்தியானம் எரிமலை வெடித்தபோது தீவில் இருந்தவர்கள் 47 பேர். அதில் 22 பேர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பலருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, நவம்பரில், எரிமலையின் எச்சரிக்கை எண்ணை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தியிருந்தார்கள். அந்த எண் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாகத்தான் இருந்தது. கொலை, கொள்ளை குறைந்த நாடு என்ற நற்பெயர் எரிமலைக்குத் தெரியாது. இறப்புக் கணக்கைப் பாருங்கள்: டூனிஸிலும் 22, வக்காரியிலும் 22. ஒரு நாட்டைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், இன்னொன்றைப் பார்த்து ஆசைப்படுகிறோம்.

இவையிரண்டும் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. பேசப்படாத இரண்டைச் சொல்லுகிறேன். 2006 மார்ச் மாதம், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அரிக்கா அருகே மலைப்பாதையில் ஒரு வேன் உருண்டு, செலிபிரிட்டி மில்லேனியம் கப்பலின் பயணிகள் 12 பேர் இறந்தார்கள். 2017 டிசம்பர் 19 அன்று மெக்சிகோவில், கப்பல் பயணிகளைச் சாக்சோபென் என்ற பழைய மாயன் கோயிலுக்கு ஏற்றிப்போன பஸ் கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். தீவிரவாதியும் இல்லை, எரிமலையும் இல்லை. ரோடு. ஆலங்குளம் ரோட்டில் பைக்கில் போகிறவனுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. என் ஏழு ஒப்பந்தத்திலும் கப்பலுக்கு ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்த சிப்பந்திகளை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்தவர்கள்தான் அதிகம். அதற்கடுத்துத் தெரியாத கடலில் குளிக்க இறங்கி இழுத்துப் போகப்பட்டவர்கள். கத்தியால் குத்துப்பட்டு வந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. குத்துப்படுவதே கிடையாது என்று நான் சொல்லவில்லை; ஆனால் அம்மாக்கள் பயப்படுகிற வரிசையும் ஆஸ்பத்திரி வரிசையும் ஒன்றல்ல.

ரோடு என்றதும் ஒரு சின்ன விஷயம். அற்பமாகத் தோன்றும், ஆனால் ஆளைக் காலி பண்ணிவிடும். நாம் ரோட்டைக் கடக்கும்போது கழுத்து தானாகவே முதலில் வலது பக்கம் திரும்பும். வண்டி அங்கிருந்துதான் வரும் என்று பழக்கம். பார்சிலோனா, நேப்பிள்ஸ், மயாமி போன்ற ஊர்களில் வண்டி இடது பக்கமிருந்து வரும். நேப்பிள்ஸில் என்னோடு இறங்கிய கேரளத்துக்காரர் ஒருவர் வலது பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு நேராகக் காலை வைத்தார். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு, ஜமைக்கா, பஹாமாஸ் எல்லாம் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிறவை. ஒரு வாரத்தில் இரண்டு வகை ஊரிலும் இறங்கும்போது மூளை குழம்பும். கப்பல் ஏணியில் இறங்கும்போதே 'இன்னைக்கு எந்தப் பக்கம்' என்று ஒருமுறை சொல்லிக்கொள்வது என் வழக்கம்.

அரசாங்கங்கள் வெளியிடுகிற பயண எச்சரிக்கைகளையும் படிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்கா 2018 முதல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போடுகிறது. நான்கு என்றால் போகாதே என்று அர்த்தம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடக்கூடாது. மெக்சிகோவின் சினலோவா மாநிலத்துக்கு நான்கு என்று 2020-களில் வந்த அறிவிப்புகளில் இருந்தது. ஆனால் அந்த மாநிலத்தில்தான் மசட்லான் என்ற துறைமுகம் இருக்கிறது. பயணிகள் கப்பல்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தன. அதே அறிவிப்பின் உள்ளே இறங்கிப் படித்தால், தங்கள் அரசு ஊழியர்கள் மசட்லானில் இன்ன கடற்கரைப் பகுதிக்கும் பழைய நகரத்துக்கும் போகலாம், கப்பல் முனையத்திலிருந்து நேர் வழியில்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. மாநிலத்துக்குப் 'போகாதே', இரண்டு பேட்டைகளுக்கு 'இந்த ரோட்டில் போ'. உபயோகமான செய்தி இரண்டாவதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. அதே பட்டியலில் நம் இந்தியாவுக்குப் பல வருடங்களாக இரண்டாம் எண்தான். 2021-ல் கொரோனா உச்சத்தில் நான்கும் போட்டார்கள். கொச்சியில் கப்பல் நிற்கும்போது, இறங்குவதா வேண்டாமா என்று வெள்ளைக்காரப் பாட்டிகள் ரெயிலிங்கைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணி குடிக்காதே, ஐஸ் சாப்பிடாதே, ஆட்டோக்காரரிடம் முதலிலேயே காசைப் பேசு என்று அவர்களுக்கு ஒரு சீட்டு. நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சீட்டில் இருந்தது ஒன்றும் பொய்யில்லை. நம்மைப் பற்றி அவர்கள் வைத்திருக்கிற பயம் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊதல் என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அவர்கள் ஊரைப் பற்றி நாம் வைத்திருப்பதையும் அதே சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டியதுதான்.

இப்போது கணக்கு. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' படித்திருப்பீர்கள். கம்பி அறுந்துபோகும் பாரத்தை, நாம் தூக்கப்போகும் பாரத்தால் வகுத்தால் வருகிற எண். அசையாத பாரத்துக்கு ஒரு எண் போதும். குலுங்குகிற பாரத்துக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும். துறைமுகத்தில் கம்பிக்குப் பதில் நேரம்.

பயணிகள் கப்பல் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்கிற இடம் சிவிதாவெக்கியா. அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். தூத்துக்குடியில் கப்பலை நிறுத்திவிட்டு 'இதுதான் பாபநாசம், போய் அகஸ்தியர் அருவி பாருங்க' என்று சொல்வது போல. 'பாங்காக்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லேம் சபாங். நூறு கிலோமீட்டருக்கு மேல். 'பாரிஸ்' என்றால் லே ஹாவ்ர், ஏறத்தாழ 200.

சிவிதாவெக்கியாவில் கப்பலிலிருந்து ரயில் நிலையம் போக அரை மணி, ரயில் ஒண்ணேகால் மணி. ஆக ஒரு வழிக்கு ஒண்ணே முக்கால் மணி. சாயங்காலம் 5 மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்றால், ரோமிலிருந்து ஒன்றரை மணிக்குக் கிளம்புகிறவருக்குக் கையில் மூன்றரை மணி இருக்கிறது. மூன்றரையை ஒண்ணே முக்காலால் வகுத்தால் இரண்டு. ஒரு ரயில் ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்கலாம். மூன்று மணிக்குக் கிளம்பினால் கையில் இரண்டு மணி. விடை ஒன்றுக்குச் சற்று மேல். அறுந்துபோகிற கம்பி. சிப்பந்திக்கு இடைவேளை நாலு மணி நேரம் என்றால் போகவர மூன்றரை மணி போய்விடும். அவனுக்கு ரோம் கிடையாது. சிவிதாவெக்கியாக் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம், அதுவும் நல்ல காப்பிதான்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், அந்நிய ஊரில் ஆபத்தான காரியங்கள் அவசரத்தில்தான் நடக்கின்றன. நேரம் இல்லாதவன்தான் போர்டு இல்லாத டாக்ஸியில் ஏறுவான், குறுக்குச் சந்தில் நடப்பான், சிவப்பு விளக்கில் ஓடுவான். ஒரு துறைமுகத்தில் என்னையும் இரண்டு நண்பர்களையும் ஏற்றிய டாக்ஸிக்காரர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, பேசியதைப் போல இரண்டு மடங்கு கேட்டார். எங்களுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதனால் இறங்கி நின்றோம். பத்து நிமிஷத்தில் டவுன் பஸ் வந்தது. இருபது நிமிஷம்தான் மிச்சம் இருந்திருந்தால் அவர் கேட்டதைக் கொடுத்திருப்போம், அடுத்துக் கேட்பதையும் கொடுத்திருப்போம்.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியே போனவருக்காகக் காத்திருக்காது. பயணி கப்பலை விட்டால் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சிப்பந்தி விட்டால் கதை வேறு. பாஸ்போர்ட்டும் சி.டி.சி.யும் கப்பல் ஆபீஸில் இருக்கும், கையில் கரை இறங்கும் அனுமதிச் சீட்டு மட்டும். கப்பல் போன நிமிஷத்திலிருந்து அவர் அந்த நாட்டுச் சட்டப்படி இருக்கக்கூடாத ஆள். வேலையும் போகலாம். ஆகவே பயணிக்கு ஃபேக்டர் இரண்டு போதுமென்றால், நீங்கள் மூன்று வையுங்கள்.

கப்பலிலேயே இருந்துவிட்டால் என்ன? அம்மாக்களின் யோசனை. 1985 அக்டோபர் 7 அன்று அகிலே லாரோ என்ற இத்தாலியக் கப்பல் எகிப்துக்கு வந்தது. பயணிகளில் பெரும்பாலோர் அலெக்ஸாண்ட்ரியாவில் இறங்கிப் பிரமிடு பார்க்கப் போய்விட்டார்கள். இறங்காமல் கப்பலிலேயே இருந்தவர்களைத்தான் துப்பாக்கிக்காரர்கள் பிணையாகப் பிடித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அமெரிக்கப் பெரியவரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸில் 3,700 பேருக்கு மேல் இருந்தார்கள். 700 பேருக்கு மேல் கொரோனா. கப்பலில் இருந்த இந்தியர் 138 பேர், ஆறு பேர் தவிர எல்லாரும் சிப்பந்திகள். இரும்புச் சுவர் எல்லாவற்றையும் தடுத்துவிடாது.

தவிர, மாதக்கணக்கில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் தூங்கி, மெஷின் சத்தத்தில் வேலை பார்க்கிறவனுக்குக் கரை என்பது உல்லாசம் இல்லை, மருந்து. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கரை விடுப்பை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 2013-ல் அமலுக்கு வந்த அதை இந்தியா 2015-ல் ஏற்றது. ஆறு மாதம் இறங்காமலே இருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் யாரோடும் பேச மாட்டான், ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்து நிற்பான். கம்ப்ரஸர் ரூமில் அப்படி நிற்கிறவனுக்கு நேரக்கூடிய விபத்தையும் தராசில் வைக்கத்தானே வேண்டும்? ஒரு தட்டில் கரை ஆபத்தை மட்டும் வைத்து, மறு தட்டைக் காலியாக விட்டால் முள் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. ஓட்டல் பிரிவிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் நம் பக்கத்துப் பெண்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். மூன்று பேராக இறங்கினால் மூன்று பேராகத்தான் ஏற வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கும் வழக்கத்தை ஆண் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளலாம். குடித்துவிட்டு ஒருத்தனை பாரில் விட்டுவிட்டு வருவது ஆண்கள் கூட்டத்தில்தான் நடக்கிறது.

துறைமுக வளாகத்துக்குள்ளேயும் கண் வேண்டும். 2004 ஜூலையில் ஐ.எஸ்.பி.எஸ். விதிகள் வந்தபிறகு கண்ட ஆட்களும் உள்ளே வர முடியாது. ஆனால் சரக்குத் துறைமுகத்தில் பயணிகள் கப்பலைக் கட்டுகிற ஊர்களில் கன்டெய்னர் லாரியும் ஃபோர்க் லிஃப்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கோடு போட்ட நடைபாதையில்தான் நடக்கணும், ஷட்டில் பஸ் விட்டால் ஏறிக்கொள்ளணும். கேட்டுக்கு வெளியே முதல் ஐம்பது கஜத்தில் வந்து கையைப் பிடிக்கிற டாக்ஸி வேண்டாம். கொஞ்சம் தள்ளி நடந்து, உள்ளூர்க்காரர்கள் ஏறுகிற பஸ்ஸோ ஸ்டாண்டு டாக்ஸியோ பாருங்கள்.

இறங்குமுன் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம். கப்பல் பெயர், கட்டியிருக்கும் பெர்த் எண், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம், கப்பல் ஏஜெண்டின் போன் நம்பர், நம் தூதரக நம்பர். பெர்த் எண்ணை எழுதாமல் போகிறவர்கள் நிறைய. பார்சிலோனா மாதிரி ஊரில் முனையங்கள் வரிசையாக இருக்கும். டாக்ஸிக்காரரிடம் 'கப்பல்' என்று மட்டும் சொன்னால் எந்தக் கப்பல் என்பார். இதெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கே என்பீர்கள். சார்ஜ் இறங்கும், தண்ணியில் விழும், பார்சிலோனாவில் ராம்பிளா தெருவில் பறிபோகவும் செய்யும். கப்பல் கடிகாரத்துக்கும் ஊர் கடிகாரத்துக்கும் சில துறைமுகங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும். காகிதத்தில் எழுதுகிற நேரம் கப்பல் நேரம். கைப்பேசி ஊர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். அதனால் கையில் ஒரு சாதாக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், கப்பல் நேரத்தில்.